சமத்தில் ஒன்றும் விழவில்லை: ‘ஆடியோசர்ஃப்’ விளையாட்டைப் பற்றி

என் கணினியில் ‘பாட்டு’ என்று மட்டும் பெயரிட்ட ஒரு கோப்புறை இருக்கிறது. கல்லூரி நாட்களில் நண்பர்களுடைய பென் டிரைவிலிருந்து வந்தவை, கடையில் வாங்கிய குறுந்தகடுகளிலிருந்து நானே எம்பி3 ஆக்கியவை, அப்பா வருடக்கணக்கில் சேர்த்த கச்சேரிக் கேசட்டுகளை ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து கணினியில் ஏற்றியவை என்று மூன்று காலத்துச் சரக்கு அதில் ஒன்றாகக் கிடக்கிறது. ஒரு முறை ஹார்டு டிஸ்க் பழுதாகிப் பாதியைப் பறிகொடுத்தபோது, அதோடு போன வீட்டுப் புகைப்படங்களைவிட இந்தப் பாட்டுகளுக்காகத்தான் அதிகம் வருந்தினேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்ளலாம். வீட்டில் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. இப்போது பாட்டுக் கேட்பதெல்லாம் கைப்பேசியில், இணையத்தின் வழியாகத்தான். ஆனாலும் அந்தக் கோப்புறையை அழிக்காமல், இரண்டு இடங்களில் நகலெடுத்துக் காப்பாற்றி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. அதில் இருக்கும் எந்தப் பாட்டையும் வண்டி ஓட்டிச் செல்லக்கூடிய ஒரு சாலையாக மாற்றித் தருகிற கணினி விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘ஆடியோசர்ஃப்’.

டிலன் ஃபிட்டரர் என்பவர் உருவாக்கிய இந்த விளையாட்டு 2008 பிப்ரவரியில், ஸ்டீம் இணையக் கடை வழியாக, ஏறக்குறைய 10 டாலர் விலையில் வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐஜிஎஃப் விழாவில் சிறந்த ஒலிக்கான விருதையும் ரசிகர்கள் வாக்களித்துத் தரும் விருதையும் பெற்றது. இவ்வளவு பழைய விளையாட்டுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். இந்த வகையில் பின்னால் வந்த விளையாட்டுகள் பலவற்றை ஆடிப் பார்த்த பிறகும் நான் திரும்பத் திரும்ப இதற்கே வருகிறேன் என்பது ஒரு காரணம். நம்முடைய பாட்டுகளை, குறிப்பாகக் கச்சேரிப் பதிவுகளை இதற்குள் போட்டால் என்ன நடக்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக வேடிக்கை பார்த்துவிட்டு அதை எழுதாமல் இருப்பது சரியல்ல என்பது இன்னொரு காரணம்.

ஆட்டத்தின் அடிப்படை மிக எளியது. முதலில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்பி3, ஓஜிஜி, டபிள்யூஎம்ஏ, ஐடியூன்ஸின் எம்4ஏ, குறுந்தகடு என்று பெரும்பாலான வடிவங்கள் செல்லும். விளையாட்டு அந்தப் பாட்டை ஆரம்பம் முதல் இறுதி வரை முன்கூட்டியே அலசிப் பார்த்துவிட்டு, மூன்று தடங்கள் கொண்ட ஒரு சாலையை விரிக்கிறது. அந்தச் சாலையில் உங்கள் சிறிய விண்கலம் தானாகவே முன்னேறும். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம் மவுஸை இடமும் வலமும் அசைத்துத் தடம் மாறுவதுதான். எதிரே வண்ண வண்ணமாகக் கட்டைகள் வரும். அவற்றின் மேல் ஏறிச் சென்றால் அவை கலத்தின் அடியில் இருக்கும் ஒரு கட்டத்தில் வந்து அடுக்கிக்கொள்ளும். மூன்று வரிசை அகலமும் ஏழு கட்டை உயரமும் கொண்ட அந்தக் கட்டத்தில் ஒரே நிறத்தில் மூன்றோ அதற்கு மேலோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால் அவை மறைந்து மதிப்பெண்ணாக மாறும். ஏதாவது ஒரு வரிசை நிரம்பி வழிந்துவிட்டால் மதிப்பெண் குறையும், கலம் சில நொடிகள் செயலற்றுப் போகும். பாட்டு மட்டும் நிற்காது. நீங்கள் எவ்வளவு மோசமாக ஆடினாலும் பாட்டு தன் போக்கில் முடியும் வரை ஓடும். இந்த ஒரு மரியாதைக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும். பல்லவியின் நடுவில் ‘தோற்றுவிட்டீர்கள்’ என்று பாட்டைப் பிடித்து நிறுத்துகிற விளையாட்டுகளிடம் எனக்குப் பொறுமை இருப்பதில்லை.

பாட்டு எப்படிச் சாலையாகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பாட்டு அமைதியாக இருக்கும் இடங்களில் சாலை மேட்டில் ஏறும், வேகம் குறையும், நிறம் ஊதாவுக்கும் நீலத்துக்கும் போகும். பாட்டு உச்சம் தொடும் இடங்களில் சாலை தலைகுப்புறச் சரியும். கலம் பாய்ந்து இறங்கும். சுற்றிலும் மஞ்சளும் சிவப்பும் எரியும். ஒலி திடீரென்று துள்ளும் இடங்களில் கட்டைகள் வந்து விழும். சூடான நிறங்களுக்கு மதிப்பெண் அதிகம். ஆகவே பாட்டின் கொண்டாட்டமான பகுதிதான் சம்பாதிக்கும் பகுதி. முழுப் பாட்டையும் முன்பே படித்துவிட்டுச் சாலை போடுவதால், சற்றுத் தொலைவில் வரப்போகும் சரிவு உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. இதயம் இறுகுவது அங்கேதான். நூறு முறை கேட்ட பாட்டிலும், சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் அந்த இடத்தை மேட்டின் உச்சியிலிருந்து எட்டிப் பார்ப்பது வேறு அனுபவம்.

எந்த முறையில் ஆடுவது என்பதற்குப் பல தேர்வுகள் இருக்கின்றன. எளிதானது, நடுத்தரம், கடினம் என்று மூன்று அடுக்குகள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு திறமை கொண்ட கலங்கள். ‘பாயிண்ட்மேன்’ ஒரு கட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வேண்டிய வரிசையில் போடும். ‘புஷர்’ கட்டைகளைப் பக்கவாட்டில் தள்ளும். ‘இரேசர்’ வேண்டாத நிறத்தை மொத்தமாக அழிக்கும். ‘வேகாஸ்’ சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் கலைத்துப்போட்டு அதிர்ஷ்டத்தை நம்பும். ‘டபுள் விஷன்’ இரண்டு கலங்களை ஒரே நேரத்தில் ஓட்டச் சொல்லும். இருவர் ஒரே கணினி முன் அமர்ந்து ஆடுவதற்கு அது நன்றாக இருக்கும்; தனி ஆளாக ஆடினால் மூளை இரண்டாகப் பிளக்கும். நான் பெரும்பாலும் ‘மோனோ’தான் ஆடுகிறேன். அதில் நிறப் பொருத்தக் கணக்குக் கிடையாது. வண்ணக் கட்டைகளை எடுக்க வேண்டும், சாம்பல் நிறக் கட்டைகளைத் தொடாமல் விலக வேண்டும், அவ்வளவுதான். மற்ற முறைகளில் ஆடும்போது கவனம் முழுவதும் அடியில் இருக்கும் கட்டத்தின் மேல் போய்விடுகிறது. அப்போது பாட்டு வெறும் பின்னணி ஆகிவிடுகிறது. மோனோவில் மட்டும்தான் காது திறந்திருக்கிறது. புதிர்ப் பிரியர்கள் இதை மறுப்பார்கள், மறுக்கட்டும்.

திரைப்பாட்டுகளுக்கு இந்த விளையாட்டு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்துகிறது, முக்கியமாக எண்பதுகளின் பாட்டுகளுக்கு. வயலின் கூட்டத்தோடு தொடங்கும் முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், வேறொரு இடையிசை, இரண்டாம் சரணம் என்ற அந்தக் கட்டுமானத்தை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகியதால் அதைக் கவனிப்பதே இல்லை. சாலையாக விரிந்தபோதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. என் கோப்புறையில் ஒரு பாட்டு இருக்கிறது. அதன் இரண்டாம் இடையிசையில் தாள வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டு, புல்லாங்குழல் மட்டும் நாலைந்து நொடி தனியாகப் போகும். அடியில் பேஸ் கிட்டார் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கும். சாலை அந்த இடத்தில் ஒரு மலை உச்சிக்கு ஏறி, ஊதா வெளிச்சத்தில் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. கட்டைகளே இல்லாத வெற்றுச் சாலை. பிறகு தபலா விழுகிற கணத்தில் முன்பக்கம் கவிழ்ந்து, பேஸ் கிட்டார் ஓடுகிற ஓட்டத்துக்குக் கலமும் ஓடுகிறது. இருபது வருடமாகக் கேட்டுவந்த பாட்டில் அந்தப் பேஸ் கிட்டார் அங்கே காத்திருந்தது என்பதையே அன்றுதான் கவனித்தேன். முதல் சரணத்தின் சாலையும் இரண்டாம் சரணத்தின் சாலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, ஒரு சில இடங்களில் மட்டும் கட்டைகள் மாறி விழும்; வாத்தியக்காரர்கள் அங்கே என்னவோ மாற்றி வாசித்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். ஹெட்போன் போட்டுக்கொண்டு அந்த இடத்தைத் தேடிப் போகும் வேலையை இந்த விளையாட்டு எனக்குப் பழக்கிவிட்டது.

புதிய பாட்டுகளின் கதை வேறு. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பதிவுகள் பெரும்பாலும் ஒலி அளவை இறுக்கி அமுக்கி, மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து வெளியிடப்படுபவை. அவற்றைப் போட்டால் சாலைக்கு மேடு பள்ளமே இருப்பதில்லை. தொடங்கிய நொடியிலிருந்து ஒரே இறக்கம், ஒரே சிவப்பு. குத்துப்பாட்டாக இருந்தால் முதல் இரண்டு நிமிடம் உற்சாகமாக இருக்கும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் டோலக்கும் தவிலும் சேர்ந்து இடிக்க இடிக்கக் கட்டைகள் மழையாகக் கொட்டும். மூன்றாம் நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்க ஆரம்பிக்கும். ஒரே பாட்டின் பழைய கேசட் பதிவையும் பிற்பாடு மெருகேற்றி வெளியிட்ட பதிவையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், பாட்டு ஒன்றுதான், ஊர் வேறு என்பதுபோல் இரண்டு சாலைகள் கிடைக்கும். மெருகேற்றியவர்கள் எதைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள் என்பதை ஒலிப் பொறியாளர் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் புகழ்ச்சி. கச்சேரிப் பதிவுகளுக்கு வரும்போதுதான் இந்த விளையாட்டின் காது எப்படிப்பட்டது என்பது வெளிப்படுகிறது.

அப்பாவின் கேசட்டுகளில் ஒன்றில் 42 நிமிடத்துக்கு ஓடும் ஒரு உருப்படி இருக்கிறது. ஆலாபனை, வயலின் ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், ஸ்வரம், கடைசியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்று முழுச் சாப்பாடு. கீர்த்தனை ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு தாளம். சபாவில் பின்வரிசையில் அமர்ந்து யாரோ பதிவு செய்தது என்பதால் உஸ்ஸென்ற இரைச்சலும் இருமலும் உண்டு. ஆலாபனை பகுதியை விளையாட்டு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. தம்புராவின் நாதம் இடைவிடாமல் ஒரே அளவில் இருக்கிறது. குரல் அதன்மேல் மெல்ல ஏறுகிறது. தாள வாத்தியம் எதுவும் இல்லை. விளையாட்டுக்கு இது ஒரு நீண்ட, சலிப்பூட்டும் ஏற்றம். ராகத்தின் உயிரான ஒரு கமகத்தை, ஸ்வரத்தின் அசைவை, பாடகர் எடுத்து, இழைத்து, அங்கேயே நின்று, கீழே இறக்குகிறார். சாலையில் ஒரு சலனமும் இல்லை. பிறகு யாரோ இருமுகிறார்கள். உடனே ஒரு மஞ்சள் கட்டை விழுகிறது. பிருகாக்கள் என்னும் வேகமான ஸ்வர ஓட்டங்கள் வரும்போது மட்டும் நாலைந்து கட்டைகள் சிதறி வருகின்றன, அதுவும் எந்த ஒழுங்கிலும் இல்லை.

சரி, தாளமில்லாத இடத்தில் தடுமாறுவது இயல்பு, மிருதங்கம் சேர்ந்த பிறகு பார்ப்போம் என்று கீர்த்தனை வரை பொறுத்தேன். அன்று அப்பா பின்னால் நாற்காலியில் அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறு வயதில் மூன்று வருடம் மிருதங்கம் கற்றுக்கொண்டவர். அதன் மிச்சமாக, எந்தப் பாட்டுக் கேட்டாலும் வலது கை தொடையில் தாளம் போடும். சில நிமிடங்கள் கழித்து அவர் கேட்டார்:

“ஏன்டா, சமத்துல ஒண்ணுமே விழலையே?”

அதுவரை நான் கவனிக்கவில்லை. அந்தக் கீர்த்தனையில் பாட்டு, தாளச் சுற்றின் முதல் அடியான சமத்தில் தொடங்காது. தாளம் ஆரம்பித்துச் சற்றுத் தள்ளியே பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு வரும். அதாவது, கை தொடையில் விழும் கணத்தில் பாடகர் மௌனமாக இருக்கிறார். மிருதங்கக்காரரும் பல ஆவர்த்தனங்களில் (தாளச் சுற்றுகளில்) அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார். கேட்பவருக்கு அந்த மௌனம்தான் அடி. சபையில் இருக்கும் அத்தனை கைகளும் அங்கேதான் விழும். விளையாட்டின் கணக்கில் அங்கே ஒலி எதுவும் துள்ளவில்லை. ஆகவே கட்டையும் இல்லை. எடுப்பு வரும் இடத்தில், அரை இடம் தள்ளி, பளிச்சென்று ஒன்று விழுகிறது. “சத்தம் இருக்கற எடத்துலதான்ப்பா விழும்” என்றேன். அவர் இன்னும் இரண்டு ஆவர்த்தனம் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, “காது இருக்குடா இதுக்கு. தாளம் போடற கை இல்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இந்த வகை நிரல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை இது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடி இசை என்பது இடம், வலம் ஒவ்வொன்றுக்கும் 44,100 எண்களின் வரிசை. அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கீழ் ஸ்தாயியில் எவ்வளவு சக்தி, மேல் ஸ்தாயியில் எவ்வளவு சக்தி என்று கணக்கிட்டு, முந்தைய துண்டோடு ஒப்பிட்டு, எங்கே திடீர் ஏற்றம் இருக்கிறதோ அங்கே ஒரு அடி என்று குறித்துக்கொள்வதுதான் பொதுவான வழி. டிரம்ஸ் ஒவ்வொரு அடியையும் உரக்கச் சொல்லிவிடும் மேற்கத்திய ராக், நடன இசைகளுக்கு இது போதும். அங்கே ஒலியும் அடியும் பெரும்பாலும் ஒரே இடத்தில் விழுகின்றன. மேற்கத்திய இசையிலேயே ஜாஸ் போன்றவற்றை வைத்துச் சோதித்தால் இதே விரிசல் தெரியும். ஒலிக்காத அடியை மனத்தில் எண்ணிக்கொண்டே இருப்பது கேட்பவரின் வேலை. கோப்பில் அது பதிவாவதில்லை. கோப்பை மட்டும் படிக்கிற ஒரு நிரலிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். ஆனாலும் விளம்பரத்தில் ‘உங்கள் இசையில் சவாரி செய்யுங்கள்’ என்ற பொருளில் சொல்லப்படுவதால், எது இசை என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

தனி ஆவர்த்தனத்தில் நிலைமை தலைகீழ். அங்கே மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும், அதாவது ஒவ்வொரு தட்டும், கட்டையாகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரமும் வலப்பக்கமான வலந்தலையின் சாப்பும் கஞ்சிராவின் சிலிர்ப்பும் சேர்ந்து வரும்போது சாலை நொறுங்கிவிடும்போல் அதிர்கிறது. கோர்வை என்னும் முடிப்புக் கோப்பை மூன்று முறை வாசித்து முடிக்கும் இடத்தில், அது கோர்வை என்று விளையாட்டுக்குத் தெரியாவிட்டாலும், மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒரே கோலத்தில் கட்டைகள் விழுவதைப் பார்ப்பது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் 42 நிமிடச் சாலையிலேயே மிகச் செங்குத்தான இறக்கம், மிகச் சிவந்த வெளிச்சம், மிக நெருக்கமான கட்டைகள் எதற்குக் கிடைத்தன தெரியுமா? தனி முடிந்ததும் எழுந்த கைதட்டலுக்கு. சபையின் ஆரவாரம் எல்லா ஸ்தாயிகளிலும் ஒரே நேரத்தில் நிரம்பும் இரைச்சல் அல்லவா? விளையாட்டுக்கு அதைவிட உயர்ந்த இசை வேறில்லை. மிருதங்க வித்வான் அரை மணி நேரம் வியர்வை சிந்திச் சேர்த்ததைவிட அவருக்கு விழுந்த கைதட்டலில் நான் நொடிக்கு அதிக மதிப்பெண் எடுத்தேன்.

மதிப்பெண் என்றதும் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக உலகப் பட்டியல், வட்டாரப் பட்டியல், நண்பர்கள் பட்டியல் என்று மூன்று உண்டு. உங்கள் முதலிடத்தை யாராவது பறித்தால் ‘அரியணையிலிருந்து இறக்கப்பட்டீர்கள்’ என்று மின்னஞ்சல்கூட வரும். வெளிவந்த காலத்தில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. எந்தப் பாட்டுக்கு எந்தப் பட்டியல் என்பதை, கோப்பில் எழுதியிருக்கும் பாட்டின் பெயரையும் கலைஞர் பெயரையும் வைத்து விளையாட்டு முடிவு செய்கிறது. ஆங்கிலப் பாட்டுகளுக்கு இது சரி. நம் பாட்டுகளுக்கு? ஒரே பாட்டின் பெயரை ரோமன் எழுத்தில் நாம் ஐந்து விதமாக எழுதுவோம். ழகரத்தை இரண்டு எழுத்தால் எழுதுபவர் ஒருவர், ஒற்றை எழுத்தால் எழுதுபவர் ஒருவர். நெடிலுக்கு இரட்டை எழுத்துப் போடுபவரும் போடாதவரும் உண்டு. கலைஞர் பெயர் என்ற இடத்தில் இசையமைப்பாளர் இருக்கலாம், பாடகர் இருக்கலாம், இரண்டும் இல்லாமல் அந்தக் கோப்பு எந்த இணையதளத்தின் வழியாக வந்ததோ அதன் முகவரியே இருக்கலாம். இதனால் ஒரே பாட்டுக்கு ஏழெட்டுப் பட்டியல்கள் உருவாகி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள் உலக சாம்பியனாக வீற்றிருக்கிறார். நான் மட்டும் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் உலக முதலிடம் வகிக்கிறேன். ஒரு நாள் என் பட்டியல் ஒன்றில் வேறொரு பெயர் வந்து எனக்கு மேலே அமர்ந்திருந்தது. எந்த நாட்டுக்காரரோ தெரியாது. ஆனால் அதே எழுத்துப்பிழையோடு அதே கோப்பு அவரிடமும் இருக்கிறது என்பது மட்டும் உறுதி. நாங்கள் இருவரும் பத்து நாள் மாற்றி மாற்றி ஒருவரையொருவர் இறக்கிக்கொண்டிருந்தோம்.

சொந்தப் பாட்டிலிருந்து லெவல் உருவாக்கும் எண்ணம் ஃபிட்டரருடைய கண்டுபிடிப்பு அல்ல. ஜப்பானில் மசயா மட்சுராவின் நனாஓன்-ஷா நிறுவனம் 1999-இல் முதல் பிளேஸ்டேஷனுக்காக ‘விப்-ரிப்பன்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று; அதன்மேல் கிறுக்கலாக வரைந்த விப்ரி என்ற முயல் நடந்துபோகும். விளையாட்டு முழுவதும் கருவியின் நினைவகத்துக்குள்ளேயே அடங்கிவிடும் அளவுக்குச் சிறியதாக அதைச் செய்திருந்தார்கள். எனவே விளையாட்டுத் தட்டை வெளியே எடுத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் எந்தப் பாட்டுத் தட்டையும் உள்ளே போடலாம். அந்தப் பாட்டுக்கு ஏற்ப வெள்ளைக் கோடு பள்ளமாகவும் வளையமாகவும் அலையாகவும் நெளியும். தவறு செய்யச் செய்ய முயல் தவளையாகும், பிறகு புழுவாகும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-இல் முதன்முதலாகத் தன் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்ட 14 விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. அழகில் ஆடியோசர்ஃபை இதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் விப்-ரிப்பன் பாட்டை அதன் ஓட்டத்தில் துண்டு துண்டாகத் தடைகளாக்குகிறது. பாட்டின் முழு உருவத்தை, எங்கே மேடு எங்கே பள்ளம் என்ற நிலப்படத்தை அது காட்டுவதில்லை. அந்த நிலப்படம் ஆடியோசர்ஃபுடையது.

பின்னால் வந்தவற்றில் ‘பீட் ஹசார்ட்’ பரவலாக அறியப்பட்டது. அது விண்வெளிச் சண்டை. பாட்டு உரக்கப் போகப் போக உங்கள் துப்பாக்கியின் வலிமை கூடும். திரை முழுவதும் வெடித்துச் சிதறும் ஒளியில் கண் கூசும். ஒளிச் சிமிட்டல் ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்கமே போகக் கூடாது. அதில் ஆலாபனை போட்டால் துப்பாக்கி தூங்கும், எதிரிகளும் தூங்குவார்கள். ஒருவகையில் அது நியாயமான ஏற்பாடு. ஆடியோசர்ஃபின் இரண்டாம் பாகம் 2013-இல் முன்னோட்டமாக வந்து 2015-இல் முழுமையடைந்தது. வேக்போர்டு என்ற புதிய முறையும், ஆட்ட விதிகளையும் தோற்றத்தையும் நாமே எழுதி மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் சேர்ந்தன. படம் கூர்மையாக இருக்கிறது. இருந்தும் முதல் பாகத்தின் அந்த முரட்டுச் சரிவு இரண்டாவதில் எனக்குக் கிடைக்கவில்லை. சாலை போடுபவர் வயதாகி நிதானமாகிவிட்டதுபோல் ஒரு உணர்வு.

வாங்க நினைப்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது விண்டோஸில் மட்டும் ஓடுவது. கைப்பேசியிலோ மேக்கிலோ ஓடாது. தோற்றத்தில் 2008-இன் வாடை அடிக்கும். மெனுக்கள் இன்றைய கண்ணுக்குக் குழப்பமாகத் தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், இது கேட்பது கோப்பு. மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் செயலிகள் தரவிறக்கி வைக்கும் பாட்டுகள் பூட்டிய பெட்டிகள். அவற்றை இந்த விளையாட்டால் திறக்க முடியாது. இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் ஒருவரிடம் சொந்தமாக ஒரு எம்பி3-கூட இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு, என் சித்தி மகள் இதை ஆடிப் பார்க்க ஆசைப்பட்டு, “அண்ணா, பாட்டு எங்க இருக்கும்?” என்று தன் மடிக்கணினியைத் துழாவியபோதுதான் அது எனக்கு உறைத்தது. விளையாட்டுடன் ‘ஆரஞ்சு பாக்ஸ்’ என்ற விளையாட்டுத் தொகுப்பின் இசையும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஆனால் வேறொருவருடைய பாட்டை ஓட்டுவதற்கு இதை வாங்குவதில் பொருளில்லை. பீட் ஹசார்டின் இரண்டாம் பாகம், கணினியில் அந்த நேரம் எந்தப் பாட்டு ஒலிக்கிறதோ அதை ஒட்டுக்கேட்டு ஆட்டமாக்கும் வழியைப் பிடித்திருக்கிறது. சந்தாக்காரர்களுக்கு அது உதவும். ஆனால் ஒட்டுக்கேட்பதற்கு வரப்போவது தெரியாது. தெரியாதபோது தொலைவில் சரிவைக் காட்டவும் முடியாது.

தள்ளுபடிக் காலங்களில் ஒரு சினிமா டிக்கெட்டுக்கும் குறைவான விலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். முதல் நாள் மோனோவில், எளிய அடுக்கில், மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை ஓட்டுங்கள். நடுவில் எங்காவது வாத்தியங்கள் அடங்கி மூச்சு விடுகிற பாட்டாக அது இருக்கட்டும். குத்துப்பாட்டை இரண்டாவது நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். கச்சேரிப் பதிவு இருந்தால் தனி ஆவர்த்தனத்தை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாக வைத்துக்கொள்வது கைக்கு நல்லது, கைதட்டலையும் சேர்த்து.

அப்பா இப்போதும் டிசம்பரில் ஒரு முறை அந்த 42 நிமிட உருப்படியைப் போடச் சொல்வார். திரையைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார், கைதட்டல் வரும் இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து அந்த இறக்கத்தைப் பார்த்துச் சிரிப்பார். அந்தப் பதிவின் உலகப் பட்டியலில் இன்றுவரை நான்தான் முதலிடம். என்னை அங்கிருந்து இறக்க விரும்புகிறவருக்கு முதலில் அந்தக் கேசட் வேண்டும், அது அப்பாவின் பீரோவில், சாவி அவர் பூணூலில்.